கேட்டதைத் தராத கத்திக்கடை

நாற்பத்தொரு வருடம் கோட்டாற்றில் இரும்புக்கடை நடத்தியவன் நான். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, தேங்காய்த் துருவி, கொண்டி, ஆணி என்று எதைக் கையில் கொடுத்தாலும் தராசில் வைக்காமலே எடையும் விலையும் சொல்லிவிடுவேன். அந்தக் கர்வத்தோடுதான் 2023 நவம்பரில், ஜப்பானில் ஒசாகாவுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் சக்காய் நகரத்தில் ஒரு கத்திக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். எவ்வளவு விலையில் பார்க்கிறீர்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "எந்தக் கை?"

எனக்குப் புரியவில்லை. கூட வந்த மகள் மொழிபெயர்த்தும் புரியவில்லை. கத்திக்கு ஏது கை?

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. மகளிடம் அவரே சொல்லிவிட்டார், எழுதுவதென்றால் கத்தியைப் பற்றி எழுதட்டும், கடையைப் பற்றி வேண்டாம், இருக்கிற ஆர்டருக்கே கத்தி வந்து சேரவில்லை என்று. விளம்பரம் வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் கோட்டாற்றில் பார்த்ததில்லை. சக்காயில் அதுபோன்ற கடைகள் பல இருக்கின்றன. நான் எழுதுவது அந்த வகைக் கடையைப் பற்றியும், இரண்டு வருடமாக என் வீட்டுச் சமையலறையில் இருக்கும் தேபா எனும் கனமான மீன் வெட்டும் கத்தி ஒன்றைப் பற்றியும்.

ஒசாகாவின் தென்னோஜியிலிருந்து ஹன்காய் டிராம் ஏறினால் யமாதோ ஆற்றைத் தாண்டிச் சக்காய்க்குள் நுழைகிறது. ஒற்றைப் பெட்டி வண்டி. 1928இல் கட்டிய பெட்டிகள் சில இன்னும் அந்தத் தடத்தில் இருக்கின்றனவாம். எங்களுக்கு வாய்த்தது புதியது. மியோகோகுஜி கோயில் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் சாதாரண வீடுகளுக்கு நடுவே எங்கோ ஒரு சாணைக்கல் சுற்றும் சத்தம் கேட்கும். சுற்றுலா ஊர் மாதிரியே இல்லை. அது எனக்குப் பிடித்தது.

ஊரின் கதையை இரும்பை வைத்தே சொல்லிவிடலாம். ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே எழுப்பிய அரச சமாதி மேடுகள் உண்டு. அவற்றில் பெரியது 486 மீட்டர் நீளம். 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அவ்வளவு மண்ணை வெட்ட மண்வெட்டி வேண்டும், மண்வெட்டிக்குக் கொல்லர் வேண்டும். ஊரில் கொல்லுப்பட்டறை வந்த வழி அதுதான் என்கிறார்கள். பிறகு போர்ச்சுகீசியர் புகையிலையைக் கொண்டுவந்தார்கள்; புகையிலையை மயிரிழையாக நறுக்கும் கத்தியில் சக்காய்க்காரர்கள் பேர் வாங்கினார்கள்; அன்று நாட்டை ஆண்ட ஷோகன் எனும் படைத்தலைவரின் அரசு அவர்கள் கத்திக்குத் தனி முத்திரையே கொடுத்தது. துப்பாக்கி வந்தபோது துப்பாக்கி செய்தார்கள். துப்பாக்கிக்கு வேலை போனதும், குழாய் துளைக்கத் தெரிந்த அதே கைகள் சைக்கிள் பழுது பார்க்கவும் அதன் பாகங்கள் செய்யவும் போயின. 1921இல் அங்கே ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கியதுதான் ஷிமானோ. கியர் வைத்த சைக்கிள் வாங்கியவர்கள் அந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். என் கடையிலும் ஒருகாலத்தில் மாட்டுவண்டிப் பட்டை போட்டிருந்த அலமாரியில் பிறகு சைக்கிள் செயின் வந்தது. அதனால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை, சொந்தக்காரர் வீட்டுக் கதை போலத்தான் இருந்தது.

கைக்கு வருகிறேன். ஜப்பானியரின் பழைய வகைக் கத்திகளில் ஒரு பக்கம் மட்டுமே தீட்டியிருக்கும். மறுபக்கம் தட்டை, உற்றுப் பார்த்தால் தட்டையும் இல்லை, நடுவில் மிக லேசாகக் குழிந்திருக்கும். அந்தப் பக்கத்தை மீன் முள்ளோடு ஒட்டவைத்து இழுத்தால் சதை முள்ளில் மிச்சமில்லாமல் வரும். வலக்கைக்காரர் கத்தி இடக்கைக்காரருக்கு உதவாது. இடக்கைக் கத்தியைத் தனியாக அடிக்க வேண்டும், விலையும் கூடுதல். நான் வலக்கை. பிழைத்தேன்.

அடுத்த கேள்வி, என்ன வெட்டுவீர்கள்? மீன் என்றேன். எவ்வளவு பெரிய மீன்? குளச்சலில் இருந்து வரும் நெய்மீனை நினைத்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் என் கைகளைப் பார்த்தார், பிறகு என் மகளைப் பார்த்தார். மகள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். யார் தீட்டுவார்கள்? நான்தான், கடையில் அரிவாளுக்குச் சாணை பிடித்த அனுபவம் உண்டு. தண்ணீரில் நனைத்துக் கையால் தீட்டும் தண்ணீர்க்கல்லிலா, சுற்றும் சாணையிலா? சுற்றும் சாணையில். அவர் முகம் மாறிவிட்டது. வெட்டும் பலகை மரமா? புளியமரம். அது எவ்வளவு கெட்டி என்று மேஜையைத் தட்டிக் காட்டச் சொன்னார்.

இதற்குள் என் கண் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு கத்தியில் போய் நின்றுவிட்டது. முழுக்க எஃகால் அடித்தது. ஹொன்யாகி என்கிறார்கள். வாள் செய்வது போலக் களிமண் பூசித் தோய்ச்சல் கொடுத்ததால் அலகில் அலைபோல ஒரு கோடு ஓடும். விலை ஒரு லட்சம் யென்னுக்கு மேல். கொள்முதல் பழக்கம் விடாது, நல்ல சரக்கைக் கண்டால் கை நீளும். வாங்கவும் துணிந்துவிட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. முழு எஃகு கெட்டி, ஆனால் கண்ணாடி மாதிரி. உங்கள் பலகைக்கும் உங்கள் சாணைக்கும் ஒரு மாதம் தாங்காது, உடைந்தால் என் மனம் வருந்தும் என்றார். பிறகு உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கத்தியை எடுத்துவந்தார். பிடி போடாத வெறும் அலகு.

அதுதான் நான் வாங்கிய தேபா. 165 மில்லிமீட்டர். முதுகுப்பக்கம் சிறுவிரல் பாதி கனம். இரண்டு உலோகம்: வாயில் மட்டும் எஃகு, மேலே பச்சிரும்பு, நெருப்பில் சேர்த்து அடித்திருக்கிறார்கள். சேர்ந்த இடத்தில் மூடுபனி போல மங்கலாக ஒரு வரி தெரியும். அந்த மங்கலுக்கே அவர்கள் மொழியில் ஒரு பெயர் உண்டு, கசுமி. எஃகு ஷிமானே மாவட்டத்து யாசுகியிலிருந்து வருவது. அதை வெள்ளைத்தாள் எஃகு என்கிறார்கள். எஃகில் வெள்ளை ஒன்றும் இல்லை. ஆலையிலிருந்து வரும்போது சுற்றியிருக்கும் தாளின் நிறத்தை வைத்துப் பேர். நீலத்தாள் எஃகும் உண்டு. நம் ஊர்க் கொல்லரும் பச்சிரும்பு நடுவே எஃகு வைத்துத்தான் அரிவாள் அடிப்பார். அதனால் அலகை விரல்நுனியால் சுண்டிச் சத்தம் கேட்டதுமே சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சேர்ந்திருந்தது.

வரி நீக்கி 17,000 யென். அன்றைய மதிப்பில் 9,400 ரூபாய் சொச்சம். வியாபாரி மனம் சும்மா இருக்குமா? குறைத்துக் கொடுக்கச் சொல் என்றேன். மகள் முகம் சிவந்தது. "அப்பா, ஜப்பானில் அப்படிக் கேட்க மாட்டார்கள்" என்றாள். "மக்களே, டோக்கியோவில் கேட்க மாட்டார்கள். ஒசாகாக்காரர்கள் கேட்பார்கள் என்று நீதானே சொன்னாய்" என்றேன். கடைக்காரர் எங்கள் சண்டையிலிருந்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு கால்குலேட்டரை எடுத்தார். நிதானமாக எண்களை அழுத்தி என் பக்கம் திருப்பினார். அதே 17,000. கடையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் துருப்பிடிக்காமல் அலகில் பூசும் காமெலியா எண்ணெய் ஒரு சின்னக் குப்பியைக் கத்தியின் பக்கத்தில் வைத்து "ஒமாகே" என்றார். கொசுறு! விலையில் இறங்கவில்லை, ஆனால் வாடிக்கையாளனை வெறுங்கையோடும் விடவில்லை. கொசுறை ஒரு தொழிலாகவே வளர்த்த ஊர் அது. கேரமல் மிட்டாய்ப் பெட்டியில் சின்னப் பொம்மை வைத்து விற்று வளர்ந்த கிளிகோ ஒசாகா நிறுவனம்தான். தோத்தோன்போரி கால்வாய்க் கரையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய விளம்பர மனிதனுக்கு முன்னால் இன்றும் கூட்டம் நின்று படம் எடுக்கிறது. முதல் பலகை 1935இல் வைத்தது.

"நல்ல லாபமா?" என்று கேட்டு, "ஏதோ ஓடுகிறது" என்று பதில் சொல்வதுதான் ஒசாகா வியாபாரிகளின் வணக்கம் என்று படித்திருந்தேன். மொக்காரிமக்கா, போச்சி போச்சி தென்னா. இரண்டு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் குனிந்து பதிலும் சொன்னார். வெளியே வந்ததும் மகள் சொன்னாள், இப்போது யாரும் நிஜமாக அப்படிப் பேசுவதில்லையாம், நாடகத்தில்தான் கேட்கலாமாம். போகட்டும். பதில் மட்டும் எந்த ஊரிலும் மாறாது. நன்றாக ஓடுகிறது என்று எந்த வியாபாரி வாயால் சொல்லியிருக்கிறான்?

எனக்கு அதிகம் யோசனை தந்தது வேறு விஷயம். கத்தியில் கொல்லர் பெயர் இல்லை, கடையின் முத்திரைதான். ஏன் என்று கேட்டேன். அந்த ஊரில் ஒரே ஆள் கத்தியை முழுதாகச் செய்வதில்லை. அடிப்பவர் ஒருவர், தீட்டி வாய் வைப்பவர் இன்னொருவர், பிடி செய்பவர் மூன்றாமவர். மூவருக்கும் நடுவே நிற்பவர் தோன்யா எனும் மொத்த வியாபாரி. யாரிடம் என்ன அடிக்கக் கொடுப்பது, எந்தக் கொல்லரின் கத்தி எந்தத் தீட்டுபவர் கைக்குப் பொருந்தும், எவ்வளவு சரக்கு இருப்பு வைப்பது, எல்லாம் அவர் கணக்கு. கத்தி திரும்பி வந்தால் பதில் சொல்லவேண்டியவரும் அவர்தான், அதனால்தான் முத்திரை அவருடையது என்றார். இப்போது வெளிநாட்டுச் சமையல்காரர்கள் கொல்லர் பெயரைச் சொல்லிக் கேட்டு வருவதால் சில கடைகள் அதையும் போடத் தொடங்கியிருக்கின்றனவாம். அவருக்கு அதில் அரை மனதுதான். எனக்குக் கொல்லர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நாற்பது வருடம் நானும் பிறர் அடித்த அரிவாளில் என் கடை முத்திரையைக் குத்தி விற்றவன். அதனால் அங்கே வாயைத் திறக்கவில்லை.

ஆனால் இருப்பு விஷயத்தில் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். ஒரு சுவர் முழுக்க விலாங்கு அறுக்கும் கத்திகள். ஒசாகாவுக்கு ஒரு வடிவம், கியோதோவுக்கு ஒன்று, நகோயாவுக்கு ஒன்று, டோக்கியோவுக்கு ஒன்று. டோக்கியோ பக்கம் விலாங்கை முதுகில் கீறுவார்கள், ஒசாகாவும் கியோதோவும் இருக்கும் கன்சாய் பக்கம் வயிற்றில். சாமுராய்களின் ஊரில் வயிற்றைக் கீறுவது அபசகுனம், வியாபாரிகளின் ஊரில் அந்தப் பயம் இல்லை என்று காரணம் சொல்கிறார்கள். காய்கறிக் கத்தியும் அப்படித்தான். கிழக்கே நுனி சதுரம், கன்சாயில் அரிவாள் போல வளைவு. நம் பக்கத்திலும் ஊருக்கு ஊர் அரிவாளின் மூக்கு மாறும். விற்பவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. மாதத்துக்கு ஒன்று போகும் சரக்குக்காக வருடம் முழுக்கப் பணத்தை முடக்கிவைக்க வேண்டும்.

பிடி போடும் வேலையை என் கண்முன்னாலேயே செய்தார்கள். அலகின் வால் பகுதியைப் பழுக்கக் காய்ச்சி, மக்னோலியா மரப் பிடியின் துளைக்குள் இறக்கினார்கள். புகை வந்தது, மரம் தானே எரிந்து இடம் விட்டது. பிறகு பிடியின் அடியை மரச்சுத்தியலால் தட்டத் தட்ட, அலகு மேலே வராமல் உள்ளேதான் இறங்குகிறது. பூண் எருமைக்கொம்பு. பெயர் வெட்ட வேண்டுமா, அதற்குக் காசு இல்லை என்றார்கள். பாத்திரக்கடையில் பெயர் வெட்டாமல் குடம் வாங்காத ஊர்க்காரன் விடுவேனா? காகிதத்தில் தமிழில் "கோட்டாறு" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு முதியவர் சின்ன உளியை வைத்துப் படம் பார்த்து வரைவது போல வெட்டினார். சுழிகள் எல்லாம் சின்னச் சின்ன நேர்கோடுகளாக வந்தன. 'ட்' மேல் உள்ள புள்ளியைத் தூசி என்று நினைத்து விட்டுவிட்டார். காட்டியதும் ஒரே தட்டு. அந்தப் புள்ளிதான் கத்தியிலேயே அழகான இடம்.

திரும்பும்போது உமேதாவில் ஹன்க்யூ பல்பொருள் அங்காடிக்கு மகள் அழைத்துப்போனாள். 1929இல் ரயில் நிலையத்தோடு சேர்த்து ரயில் கம்பெனியே நடத்தத் தொடங்கிய அங்காடி. அதை நிறுவிய கோபயாஷி இச்சிசோ தண்டவாளம் போட்டுவிட்டுப் பயணிகளுக்காகக் காத்திருந்தவர் அல்ல. தடத்தின் ஓரத்தில் வீடு கட்டித் தவணைக்கு விற்றுப் பயணிகளை உண்டாக்கியவர். அந்த அங்காடியின் உணவகத்தில் பொருளாதார மந்தக் காலத்தில் காசில்லாதவர்கள் வெறும் சோறு மட்டும் வாங்கி, மேஜையில் இலவசமாக இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டார்களாம். வேறு முதலாளி சாஸ் குப்பியை எடுத்திருப்பார். கோபயாஷி வெறும் சோறு கேட்பவர்களையும் வரவேற்கிறோம் என்று அறிவிப்பு வைத்தார். நாளைக்கு இவர்களே குடும்பத்தோடு வருவார்கள் என்பது அவர் கணக்கு. லட்சம் யென் கத்தியை என்னிடம் விற்காத மனிதரின் கணக்கும் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அங்கே கடைவாசல் திரைச்சீலைக்கு நோரென் என்று பேர். கணக்குப் புத்தகத்தில் கடையின் நற்பெயருக்குப் போடும் மதிப்பையும் அதே சொல்லால்தான் எழுதுகிறார்கள்.

இனி கத்தி. முதல் மாதம் கிடைத்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. நெய்மீன் தலையை நடுவே வைத்து, கத்தியின் அடிப்பகுதியை நிறுத்தி, இடது உள்ளங்கையால் முதுகில் ஒரு அழுத்து, தலை இரண்டாகிவிடும். ஓங்கி வெட்டுகிற வேலையே இல்லை. விளமீனில் சதை எடுத்தபோது முள் கண்ணாடி போல வெளியே வந்தது. சாளைக்கு இது சரிவராது. கனம் அதிகம், சின்ன மீன் நசுங்கிவிடும்.

குறைகளும் உண்டு. வெங்காயம், பூசணி வெட்டினால் ஒரு பக்கத் தீட்டல் காரணமாகக் கத்தி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். புளி, எலுமிச்சை பட்டால் உடனே கறுக்கும். ஐப்பசி மழையில் ஒருநாள் கழுவித் துடைக்காமல் வைத்துவிட்டேன். காலையில் பழுப்புப் புள்ளி. காமெலியா எண்ணெய் தீர்ந்ததும் தேங்காய் எண்ணெய் பூசினேன். துரு நின்றது, எறும்பு வந்தது. வீட்டம்மாவின் தீர்ப்பு இன்னும் கடுமை: "உங்கள் கத்தியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டுத் தூங்கவைக்கிற நேரத்தில் நான் குழம்பே இறக்கிவிடுவேன்." அவள் இன்றுவரை அதைத் தொட்டதில்லை. அரிவாள்மணைதான்.

பெரிய விபத்து பத்தாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த மைத்துனர், வெட்டுக்கத்தி என்று நினைத்து அதன் வாயால் தேங்காய் உடைத்துவிட்டார். தேங்காய் உடைந்தது. கத்தி வாயில் மூன்று பல். ஊர்ச் சாணைக்காரரிடம் கொடுக்க மனம் வரவில்லை. சுற்றும் கல்லின் சூட்டில் பதம் போய்விடும் என்பதை அந்தக் கடைக்காரரின் மாறிய முகம் எனக்குப் புரியவைத்திருந்தது. விடுமுறைக்கு வந்த மகள் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போய்ச் சக்காயில் கொடுத்தாள். இரண்டு வாரம், 2,500 யென். கத்தியோடு ஒரு துண்டுக் காகிதமும் வந்தது: பழைய அலகின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, அதற்குள் புதிய ஓரம். எவ்வளவு தேய்த்து எடுத்தோம் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தது. காகிதத்தின் கீழே ஒரு கேள்வி: "எந்த மீன் இது?" மகள் தேங்காய் என்று உண்மையைச் சொல்லவில்லையாம். நல்ல பிள்ளை.

கத்திக்கு ஐந்துக்கு மூன்றரை, கடைக்கு ஐந்து கொடுப்பேன். மீன் அதிகம் வெட்டாத வீட்டுக்குத் தேபா தண்டம். அங்கே இருபக்கமும் தீட்டிய துருப்பிடிக்காத கத்திகளும் இருக்கின்றன, அவற்றைக் கேளுங்கள். கூடவே தண்ணீர்க்கல் ஒன்று, கல்லின் நயத்தைக் குறிக்கும் எண் ஆயிரமாக உள்ளது, வாங்காமல் வராதீர்கள். விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது. இடக்கைக்காரர்கள் போவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது, எல்லா அளவும் இருப்பில் இருக்காது. உங்கள் வீட்டுக்கு வரும் மிகப் பெரிய மீனை ஒரு நூலால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். நான் கையை விரித்துக் காட்டிய அளவை அவர் பாதியாகக் குறைத்துக்கொண்டுதான் கத்தியை எடுத்துக் கொடுத்தார் என்பதை மகள் போன மாதம்தான் சொன்னாள்.